வளமும் வெள்ளாமையும்

1

நார்டிக் நாடுகளின் இலக்கியம் என்று தமிழ் வாசகன் மனசில் ஏதாவது படிந்திருக்கிறதென்றால், அதில் பெரும்பங்கு க.நா.சு. (1912-1988) என்ற ஒரு மனிதரின் பிடிவாதத்தால் வந்தது. நட் ஹாம்ஸனின் 'நிலவளம்', ஸெல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்பு வழி'. மூன்றும் ஆங்கிலத்தின் வழியாக வந்தவை. மூன்று பேரும் நோபல் பரிசு வாங்கியவர்கள்: லாகர்லெவ் 1909-இல், ஹாம்ஸன் 1920-இல், லாகர்குவிஸ்ட் 1951-இல். பரிசு வாங்கிய வேறு எத்தனையோ பேர் தமிழுக்கு வந்து சுவடு தெரியாமல் போனார்கள். இந்த மூன்றும் தங்கின. அதிலும் 'நிலவளம்' நம் எழுத்தாளர்களில் பலருக்கு ஒரு ரகசிய வேதப்புத்தகம். நாவல் எழுதுகிற ஆசை உள்ளவன் இதைப் படித்தே தீரவேண்டும் என்று மூத்தவர் ஒருவர் இளையவன் கையில் திணிப்பது இன்றும் நடக்கிறது.

திணிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திணிக்கும்போது கூடவே சொல்லப்படுகிற வாசகங்களில்தான் ஆட்சேபம். 'மண்ணும் மனிதனும்', 'இயற்கையோடு இயைந்த வாழ்வு', 'ஆதி மனிதனின் தரிசனம்' - இவற்றை நாவலைப் படிக்காமலே சொல்லிவிடலாம். படித்த பிறகும் இவற்றையே ஒருவன் சொன்னால் அவன் நாவலில் எதைப் படித்தான் என்று கேட்கத் தோன்றுகிறது. வடக்கே பனி, காடு, மௌனம். அங்கே மனிதன் இயற்கையின் மடியில் இருக்கிறான். நாம் அந்தப் பாக்கியத்தை இழந்துவிட்டோம் - இப்படி ஒரு ஏக்கம் நம்மிடையே கட்டுரைக்குக் கட்டுரை வளர்ந்திருக்கிறது. இந்த ஏக்கம் ஹாம்ஸனுக்கும் நியாயம் செய்யவில்லை, நம் நிலத்துக்கும் நியாயம் செய்யவில்லை என்பது என் கட்சி.

குமாரலிங்கபுரத்தில், அருப்புக்கோட்டை - திருச்சுழி மானாவாரிக் காட்டில் இருந்துகொண்டு இந்த நாவலைப் படிக்கிறவன் நான். உத்தியோகம் வங்கியில் குமாஸ்தா. என் மேஜைக்கு நிலம் வருவது சிட்டாவாக, அடங்கலாக, வில்லங்கச் சான்றாக. பயிர்க் கடனுக்கு வருகிறவனின் கரிசலை நான் காகிதத்தில்தான் முதலில் பார்க்கிறேன். விமர்சகனுக்கு இது தகுதிக் குறைவு என்று நினைக்கிற நண்பர்கள் உண்டு. ஹாம்ஸனைப் பொறுத்தவரை இதுவே தகுதி என்று நினைக்கிறேன்.

2

கதை எல்லோருக்கும் தெரிந்தது. வட நார்வேயின் காட்டுக்குள் ஐஸக் என்ற ஒருவன் நடந்து வருகிறான், இடம் பார்க்கிறான், மண்குடிசை போடுகிறான். பிறகு ஆடு, பிறகு இங்கர் என்ற உதடு பிளந்த பெண், அவளுடன் பசுமாடு, பிறகு குழந்தைகள், களஞ்சியம், இரும்பு அடுப்பு, புல்லறுக்கும் யந்திரம். சின்னச் சின்னச் சேர்மானங்களாக ஒரு வாழ்க்கை கட்டப்படுகிறது. இந்தக் கட்டுமானத்தின் ருசிக்கு ஈடாக உலக நாவல்களில் வேறு சில பக்கங்களைத்தான் சொல்ல முடியும். அதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் ஐஸக் அந்த இடத்தைத் திருத்திக் கொஞ்ச காலத்திலேயே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இந்த நிலம் யாருடையது? அரசாங்கத்துடையது. ஐஸக் அதைக் கிரயம் வாங்கவேண்டும். அங்கே வருகிறான் கெய்ஸ்லர் என்ற அதிகாரி. நிலத்துக்கு மதிப்புப் போடுகிறவன் அவன். விலை குறைவாக வரும்படி எழுதுகிறவன் அவன். அந்த இடத்துக்கு ஸெல்லன்ரா என்று பெயர் வைக்கிறவனும் அவன்தான். உழைத்துத் திருத்திய ஐஸக்குக்குத் தன் நிலத்துக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. காகிதத்தில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அதனால் பெயர் வருகிறது. மழை பொய்த்த வருஷம் ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பயிருக்குக் கொண்டுவரும் யோசனையும் கெய்ஸ்லருடையதே. மலையில் செம்பு இருப்பதைக் கண்டவன், மலையை ஐஸக்கிடம் வாங்கி வெளியாருக்கு விற்றவன், கடைசியில் ஐஸக் குடும்பத்தைப் புகழ்ந்து ஒரு பிரசங்கமே செய்கிறவன் - எல்லாம் கெய்ஸ்லர். ஐஸக்குக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. யந்திரத்தோடு வந்த குறிப்பைப் படிக்கத் தெரியாததை வீட்டாரிடம் மறைக்க அவன் படும் பாடு நாவலின் மிக நல்ல நகைச்சுவைப் பகுதி.

ஆக இந்த நாவலுக்கு இரண்டு கால்கள். ஒன்று கோடரி, இன்னொன்று பேனா. நம் விமர்சகர்கள் கோடரியை மட்டும் பார்த்தார்கள். கெய்ஸ்லரை 'விசித்திரமான ஒரு பாத்திரம்' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டு ஐஸக்கின் மௌனத்தில் மூழ்கினார்கள். கெய்ஸ்லர் இல்லாவிட்டால் ஐஸக் யாரோ ஒருவரின் நிலத்தில் அத்துமீறிக் குடியேறியவன். ஒரு அரசாங்கக் கடிதம் போதும், அவனை எழுப்பிவிட. நம் பாஷையில் சொன்னால் ஆட்சேபகரமான புறம்போக்கு ஆக்கிரமிப்பு. இயற்கையோடு இயைந்த வாழ்வுக்கு அடியில் ஒரு பட்டா இருக்கிறது. ஹாம்ஸனுக்கு இது தெரியும். அவர் எழுதியிருக்கிறார். நாம்தான் படிக்கவில்லை.

இன்னொரு பாத்திரம் எலிஸியஸ், மூத்த மகன். பட்டணத்தில் ஆபீஸில் பேனா பிடித்தவன். ஹாம்ஸனுக்கு அவனைக் கண்டால் ஆகாது. மண்ணிலிருந்து வேர் அறுந்தவன், எதற்கும் லாயக்கில்லாதவன், அப்பன் காசைக் கரைத்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய்த் தொலைகிறவன். தம்பி ஸிவர்ட் நிலத்தில் நிற்கிறான், அவன் உத்தமன். குமாஸ்தாவான நான் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொந்த நெளிவுக்காகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கணக்கே தலைகீழ். கரிசல் வீடுகளில் வீட்டுக்கு ஒரு எலிஸியஸ் இருக்கிறான். சிவகாசி ஆபீஸில், திருப்பூர் பனியன் கம்பெனியில், வளைகுடாவில், என்னைப் போல் வங்கியில். அவன் அனுப்புகிற பணத்தில்தான் ஊரில் ஐஸக் விதை வாங்குகிறான். 2018-க்குப் பிறகு மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது இரண்டாம் தடவை மருந்தடிக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மண்ணை விட்டுப் போனவன் துரோகி, மண்ணில் நின்றவன் உத்தமன் என்ற ஹாம்ஸனின் நீதி, மழையை நம்பி விதைக்கிற நிலத்தில் நாலு வருஷம் தாங்காது.

3

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1917-இல் வந்த மூலத்தின் பெயர் 'மார்க்கென்ஸ் க்ரோதெ'. முதல் சொல் நிலத்தை, வெளியைக் குறிப்பது. இரண்டாவது சொல் அதிலிருந்து முளைத்து விளைந்து வருவதை. ஆங்கிலத்தில் அது வளர்ச்சி ஆயிற்று. தமிழில் 'நிலவளம்' ஆயிற்று. நல்ல சொல், காதுக்கு இதமான சொல். ஆனால் வளம் என்பது நிலத்தின் குணம். அது ஏற்கனவே அங்கே கிடக்கிறது. மனிதன் போய் அனுபவிக்கிறான். ஹாம்ஸன் சொல்வது அதுவல்ல. விதைத்து, காத்திருந்து, பனி முந்துமா பயிர் முந்துமா என்று பயந்து, கடைசியில் வீடு வந்து சேர்கிற ஒன்றைச் சொல்கிறார். அதற்குக் கரிசலில் ஒரு சொல் இருக்கிறது: வெள்ளாமை.

வெள்ளாமை என்ற சொல்லுக்குள் நிலம் இருக்கிறது, வேலை இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது, பயமும் இருக்கிறது. 'இந்த வருஷம் வெள்ளாமை எப்படி?' என்று கேட்டால் எங்கள் பக்கம் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்து சேருகிறவரை அது வெள்ளாமை இல்லை. மல்லி பூவெடுக்கும்போது மூடுபனி வந்தால் போச்சு. உளுந்து காய்ந்து நிற்கும்போது மழை வந்தால் போச்சு. இந்த நிச்சயமின்மையில்தான் ஹாம்ஸனும் கரிசலும் உண்மையாகச் சந்திக்கிற இடம் இருக்கிறது. அங்கே உறைபனி, இங்கே வறட்சி. 'வளம்' என்ற சொல் இந்தச் சந்திப்பை மறைத்துவிட்டது. க.நா.சு. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். காவிரிப் பாசனத்தின் காதுக்கு 'வளம்' இயல்பாக வந்திருக்கும். குற்றமாகச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் ஒரு ஜில்லாவிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

இயற்கை என்ற சொல்லையும் இதே மாதிரி சந்தேகிக்க வேண்டும். இப்போது நார்டிக் நாடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'ஃபிரிலுஃப்ட்ஸ்லிவ்' என்ற நார்வேஜியச் சொல்லை மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். திறந்தவெளி வாழ்வு என்று அர்த்தம். அந்தச் சொல்லை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் இப்ஸன். 1859-இல் வந்த ஒரு நீண்ட கவிதையில். ஹாம்ஸன் பிறந்த வருஷமும் அதுவே. அந்தக் கவிதையின் நாயகன் அம்மாவையும் மணக்க இருந்த பெண்ணையும் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு மலை ஏறுகிறான். ஏறி நின்று, கீழே தன் வீடு தீப்பற்றி எரிவதைப் பார்க்கிறான். அந்த வெளிச்சத்தின் அழகை ரசிக்கக் கற்றுக்கொள்கிறான். இப்ஸன் பெரிய கலைஞர். சொல்லை உருவாக்கும்போதே அதன் விஷத்தையும் காட்டிவிட்டார். இன்று சுற்றுலா விளம்பரத்தில் அந்தச் சொல்லை அச்சடிக்கிறவர்களுக்கு எரிந்த வீடு ஞாபகமில்லை.

உயரத்திலிருந்து பார்த்தால் நிலம் இயற்கையாகத் தெரியும். கீழே நின்றால் வேலையாகத் தெரியும். லாகர்லெவுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. 1906-07-இல் அவர் எழுதிய நீல்ஸ் ஹோல்கெர்ஸன் கதை ஸ்வீடனின் ஆசிரியர் சங்கம் கேட்டு எழுதப்பட்ட பூகோளப் பாடப்புத்தகம். குட்டியாகிப்போன ஒரு பையன் வாத்தின் முதுகில் ஏறி நாடு முழுதும் பறக்கிறான். ஆனால் மேலே இருந்து பார்ப்பதோடு நிற்பதில்லை, இறங்குகிறான், இறங்குகிற இடங்களில் சுரங்கம், மரம் அறுக்கும் பட்டறை, பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் விட்டுவிட்ட வீடு. நம் பிள்ளைகளுக்கான பூகோளப் புத்தகத்தில் எங்கள் தாலுகா 'வறட்சிப் பகுதி' என்ற இரண்டு சொல்லில் முடிந்துபோகும். குண்டாறு எங்கே வற்றுகிறது, எந்தக் கண்மாய் நிறைந்தால் எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகும் என்று ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற புத்தகத்தை எழுதச் சொல்லி எந்த ஆசிரியர் சங்கமும் எந்தத் தமிழ் எழுத்தாளனையும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நார்டிக் கலாசாரத்திலிருந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு, முதலில் இதைச் சொல்வேன்.

4

'நிலவளத்'தின் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தமிழில் நாவல்கள் இருக்கின்றன. சா. கந்தசாமியின் 'சாயாவனம்' ஒன்று. சிதம்பரம் என்பவன் வருகிறான், வனத்தை வாங்குகிறான், வெட்டுகிறான், எரிக்கிறான், கரும்பாலை வைக்கிறான். ஐஸக் மாதிரியே உழைக்கிறான். ஐஸக் மாதிரியே அவன்மீது நமக்கு ஒரு பிரியம்கூட வருகிறது. ஆனால் முடிவில் ஊருக்குப் புளிக்கு வழியில்லை. கந்தசாமி கண்டனம் எதுவும் செய்யாமல் ஒரு புளியை வைத்துக் கணக்கை முடித்துவிடுகிறார். ஐஸக் வெட்டிய காட்டில் யாருக்கு எது இல்லாமல் போயிற்று என்ற கேள்வியை ஹாம்ஸன் எழுப்பவே இல்லை.

இரண்டாவது, கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). இதுவும் காட்டை அழித்து நிலமாக்கிக் குடியேறியவர்களின் கதைதான். ஆனால் வருகிறவன் தனியாள் இல்லை. சென்னாதேவி என்ற பெண்ணுக்கு நேர இருந்த ஆபத்துக்குப் பயந்து தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு கூட்டமே வருகிறது. கதையைச் சொல்கிறவள் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரம்மாள். ஹாம்ஸனின் காட்டில் கதை சொல்லப் பாட்டி கிடையாது. ஐஸக்குக்கு அப்பா அம்மா யார் என்றே நமக்குத் தெரியாது. கரிசலில் ஒருவன் தனியாக வந்து நிலம் திருத்த முடியாது. கிணறு வெட்ட ஆள் வேண்டும், கண்மாய்க் கரை போட ஊர் வேண்டும். இதன் முழு வடிவம் சோ. தர்மனின் 'சூல்' (2016). உருளைக்குடிக் கண்மாயே அதில் நாயகன். நீர்ப்பாய்ச்சி, மடையைத் திறக்கிற குடும்பன், கரையைக் காக்கிறவன் என்று தண்ணீரைச் சுற்றி ஒரு ஊர் எப்படி அமைந்திருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு அது எப்படிக் குலைந்தது என்பது கதை. சாகித்ய அகாதமி 2019-இல் இதற்குப் பரிசு கொடுத்தது. இயற்கை என்ற பொதுச்சொல்லுக்கு அதில் வேலை இல்லை. கண்மாய் இருக்கிறது, அதில் யாருக்கு என்ன பாத்தியதை என்பது இருக்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் 'தனிமனித மேற்கு, கூட்டு வாழ்வுக் கிழக்கு' என்ற அரதப் பழசான முடிவுக்கு வந்து சௌகரியமாக உட்கார்ந்துவிடலாம். பூமணி உட்கார விடமாட்டார். 'பிறகு' (1979) நாவலின் அழகிரி, மணலூத்து என்ற கரிசல் ஊரில் செருப்புத் தைக்கிறவன், கமலைக்கு வால் தைக்கிறவன். ஊருக்குத் தண்ணீர் இறைக்கிற கருவி அவன் கைப்பட்டுத்தான் நகரும். அவனுக்கு நிலம் இல்லை. ஊர்க் கிணற்றில் உரிமை இல்லை. அழகிரியின் கையில் 'நிலவள'த்தைக் கொடுத்தால் அவன் எதைப் படிப்பான்? பனியையும் மௌனத்தையும் படிக்கமாட்டான். தனக்கு முன்னால் யாரும் இல்லாத ஒரு நிலம், தெரு இல்லாத நிலம், கிழக்கு மேற்கு என்று யாரை எங்கே குடிவைப்பது என்று ஏற்கனவே முடிவாகாத நிலம், உழைத்தால் தன்னுடையதாகிவிடக்கூடிய நிலம் - இதைப் படிப்பான். ஐஸக்கின் தனிமையை நாம் தத்துவமாக ரசித்தோம். அழகிரிக்கு அது விடுதலை. 'நிலவள'த்தைப் பற்றித் தமிழில் எழுதப்படவேண்டிய நல்ல கட்டுரை இந்த இடத்திலிருந்துதான் எழுதப்படவேண்டும். ஊர்ப் பொதுவை, கண்மாய்ப் பொதுவைப் புகழ்கிற என் போன்றவர்கள் இந்தக் கேள்விக்கு முன் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசவேண்டும்.

ஆனால் அந்த நிலத்தில் உண்மையாகவே யாரும் இல்லையா? இருந்தார்கள். நாவலின் ஆரம்பப் பக்கங்களிலேயே அவர்கள் வருகிறார்கள்: ஸாமி மக்கள். அப்போது 'லாப்' என்று இளக்காரமாக அழைக்கப்பட்டவர்கள். கலைமான் மேய்ப்பவர்கள். ஹாம்ஸனின் நாவலில் அவர்கள் பிச்சை கேட்டுக்கொண்டு, பதுங்கிப் பதுங்கி ஓரமாக நடமாடுகிறார்கள். கர்ப்பிணியான இங்கரின் கண்ணில் செத்த முயலைக் காட்டி, பிறக்கிற குழந்தையின் உதடு பிளக்கக் காரணமாகிறவனும் ஒரு லாப்தான். இங்கர் அந்தக் குழந்தையைக் கொல்கிறாள். ட்ரோண்ட்ஹைம் நகரத்துச் சிறைக்குப் போகிறாள்.

அந்த ட்ரோண்ட்ஹைமில், நாவல் வெளிவந்த அதே 1917-இல், பிப்ரவரி 6-ஆம் தேதி ஸாமி மக்களின் முதல் மாநாடு கூடியது. கூட்டியவர்களில் முக்கியமானவர் எல்ஸா லௌலா ரென்பெர்க் என்ற பெண். மேய்ச்சல் நிலம் பறிபோவது அங்கே முக்கியமான பேச்சு. இன்று அந்தத் தேதிதான் ஸாமிகளின் தேசிய தினம். ஐஸக்கின் மகத்தான தனிமை அச்சேறிக்கொண்டிருந்த வருஷத்தில், அந்தத் தனிமைக்கு இடம் கொடுக்க ஒதுக்கப்பட்டவர்கள் ஒரு நகரத்தில் கூடி, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்பே 1902-இல், இன்னும் வடக்கேயுள்ள ஃபின்மார்க்கில் ஒரு சட்டம் வந்திருந்தது: அரசு நிலம் வாங்குகிறவனுக்கு நார்வேஜிய மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாத ஐஸக்குக்குக் கெய்ஸ்லர் கிடைத்தான். ஸாமிக்குக் கெய்ஸ்லர் கிடைக்கவில்லை.

ஆகவே அழகிரியின் கனவுக்குப் பதில் ஹாம்ஸனிடம் இல்லை. காலி நிலம் என்று உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. காலி என்று எழுதப்பட்ட நிலம்தான் உண்டு.

5

ஹாம்ஸனின் அரசியலைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது ஒரு சங்கடமான தும்மலோடு கடந்துவிடுவார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பை ஆதரித்தார். 1943-இல் தன் நோபல் பதக்கத்தைக் கெப்பல்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1945 மே மாசம் ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதினார். போருக்குப் பின் நீதிமன்றம் அவருக்கு அபராதம் போட்டது. வயசாகிவிட்டது, காது கேட்காது, கலைஞனை அரசியலோடு குழப்பவேண்டாம் - இதுதான் நம் தரப்பு. எனக்கு இது போதவில்லை. குற்றப்பத்திரிகை வாசிப்பது என் நோக்கமில்லை. நாவலுக்குள்ளேயே அந்த விதை எங்கே இருக்கிறது என்று காட்டுவது விமர்சகனின் வேலை.

1915-இல் ஹாம்ஸன் பத்திரிகையில் எழுதினார், சிசுக்கொலை செய்கிற தாய்மாரைத் தூக்கிலிடவேண்டும் என்று. இரண்டு வருஷத்தில் நாவல் வருகிறது; அதில் இரண்டு சிசுக்கொலை. இங்கர் ஒன்று, பார்ப்ரோ ஒன்று. கட்டுரையாளர் ஹாம்ஸன் தூக்கு கேட்டார். நாவலாசிரியர் ஹாம்ஸன் இங்கரைத் தூக்கிலிடவில்லை. தன் உதட்டால் தான் பட்ட அவமானத்தைத் தன் பெண் படவேண்டாம் என்று அவள் செய்ததை, நம்மைப் புரிந்துகொள்ள வைக்கிறார். மதுரைக்கு மேற்கே 1980-களில் கள்ளிப்பால் செய்திகள் வந்தபோது, 1992-இல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் போட்டபோது, இங்கரை வைத்து யோசித்த ஒரு தமிழ் விமர்சகன்கூட இல்லை. அவள் வடக்கத்திய இயற்கையின் ஒரு பகுதியாக நமக்குள் உறைந்துவிட்டாள். கலைஞன் தன் அபிப்பிராயத்தைவிடப் பெரியவனாக இருக்க முடியும் என்பதற்கு இங்கர் சாட்சி. இதைப் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்லவேண்டும்: ஸாமிகள் விஷயத்தில் கலைஞன் தன் அபிப்பிராயத்தைவிடப் பெரியவனாகவில்லை. அங்கே அபிப்பிராயமே கலையாகிவிட்டது. மண்ணில் வேரூன்றியவன் மனிதன், மற்றவன் நிழல் என்ற அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் 1943-க்கு வழி தெரிகிறது.

நார்டிக் நாடுகளிடம் நாம் கேட்டு வாங்கவேண்டியது வேறொன்று இருக்கிறது. நார்வேயில் 1957-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், காலங்காலமாக இருந்த வழக்கத்தை எழுதிவைத்தது: சாகுபடி செய்யாத நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் எவரும் நடந்து போகலாம். காட்டுப் பழமும் காளானும் பறித்துக்கொள்ளலாம் என்பதும் அந்த உரிமையோடு சேர்ந்தது. ஸ்வீடன் இந்த உரிமையை 1994-இல் அரசியல் சாசனத்திலேயே சேர்த்துக்கொண்டது. அந்த ஜனங்களுக்கு இயற்கைமீது இருக்கிற ஈடுபாடு ரத்தத்தில் வருவதாக நான் நம்பவில்லை. நடக்க அனுமதி இருக்கிறது, அதனால் நடக்கிறார்கள். நடக்கிறார்கள், அதனால் பிரியம் வருகிறது. நம் பக்கம் பட்டா நிலத்தைச் சுற்றி மேய்ச்சல் புறம்போக்கு, மந்தை, ஓடை, கண்மாய் உள்வாய் என்று எழுதாத பாத்தியதைகள் இருந்தன. அவற்றில் ஜாதிக்கு ஒரு அளவு இருந்தது என்பதையும் மறக்க முடியாது. இன்று அந்த உள்வாய்களில் சீமைக்கருவேலம் நிற்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முள்ளைப் பற்றி உயர்நீதிமன்றத்தில் 2017-இல் வழக்கு நடந்தது; கரி சுடுகிறவனைப் பற்றி ஒரு நாவல் நடக்கவில்லை.

செம்புச் சுரங்கமும் நமக்கு வந்துவிட்டது, வேறு ரூபத்தில். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா என்று 2023-இல் அறிவிப்பு வந்தது. பூங்கா என்ற சொல்லை ரசிக்கிறேன். வேலை வரும் என்கிறார்கள், வரட்டும், வரவேண்டும். வெள்ளாமையை மட்டும் நம்பியிரு என்று இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளைக்கு உபதேசம் செய்கிற உரிமை, மாசச் சம்பளக்காரனான எனக்கு இல்லை. ஹாம்ஸன் அந்த உரிமையை எடுத்துக்கொண்டார். சுரங்கம் மூடியதும் அதை நம்பியவர்கள் சிதறுகிறார்கள், ஐஸக் மட்டும் விதைத்துக்கொண்டிருக்கிறான் என்று முடித்தார். அழகான முடிவு. ஆனால் வடநார்வேயின் கதை அவர் முடித்த இடத்தில் முடியவில்லை. 1979 முதல் 1981 வரை ஆல்டா ஆற்றின் அணையை எதிர்த்து ஸாமிகள் பட்டினி கிடந்தார்கள். அணை வந்தது, ஆனால் 1989-இல் அவர்களுக்கென்று ஒரு மன்றமும் வந்தது. 2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம், ஃபோஸன் பகுதிக் காற்றாலைகள் கலைமான் மேய்ப்பவர்களின் உரிமையை மீறி அமைக்கப்பட்டவை என்று தீர்ப்புச் சொன்னது. கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காற்றாலை எப்படி நிலத்தை வேறாக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து போன தமிழ் இளைஞர்கள் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டினார்கள். நம் மொழி பேசுகிறவன் ஸாமியின் நிலத்தில், பனியில், நார்வேஜியன் கற்றுக்கொண்டு கூலிக்கு நின்றான். புலம்பெயர்ந்தவர்கள் எழுத்தில் 'ஆறாம் திணை' என்ற பேச்சு இப்படிப்பட்ட இடங்களிலிருந்து எழுந்தது. திணை என்றால் நம்மில் பலர் பூவையும் பறவையையும் நினைக்கிறோம். தொல்காப்பியன் தொழிலையும் சேர்த்துத்தான் நினைத்தான். மீன் வெட்டுகிற மேஜைதான் அந்தத் திணையின் கருப்பொருள்.

க.நா.சு. தன் காலத்தில் தன் தோளுக்குத் தாங்கியதைச் சுமந்துவந்தார். அடுத்து சுமக்கவேண்டியது எது என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது: யோஹான் தூரி 1910-இல் ஸாமி மொழியில் எழுதிய புத்தகம். தன் ஜனங்களைப் பற்றி ஸாமி ஒருவன் தானே எழுதிய முதல் உரைநடை நூல் அது. கலைமானை எப்படி மேய்ப்பது, ஓநாயை எப்படி விரட்டுவது, நோய்க்கு என்ன மருந்து, அரசாங்கத்துக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் - எல்லாம் அதில் இருக்கின்றன. 'நிலவள'த்தின் ஓரத்தில் பதுங்கி நடக்கிறவன் அதில் நடுவில் நின்று பேசுகிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற தமிழ் வாசகனுக்கு இயற்கை என்ற சொல் அதன்பிறகு அவ்வளவு சுலபமாக வாயில் வராது. கரிசலைப் பற்றி எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.